விஷ்னியோவெக்கில் ரொட்டியும் உப்பும்

வெள்ளிக்கிழமை விடியக்காலை ஐந்தரைக்குக் கெல்சென்கிர்ச்சனிலிருந்து வெளிக்கிட்டோம். 2008ஆம் ஆண்டு, செப்டம்பர் மாதத் தொடக்கம். காரின் பின்பக்கத்தில் ஒரு டின் பயற்றம் பணியாரம், ஒரு டின் முறுக்கு, இவருடைய கோட்டு, என்னுடைய பட்டுச்சேலை. மடியில் இரண்டு பேரின் பாஸ்போட்டும். போகிற இடம் போலந்தில், எல்லையைத் தாண்டி இருபத்தைந்து கிலோமீட்டரில் இருக்கும் விஷ்னியோவெக் என்ற கிராமம்.

ஊர் ஊராய்ச் சுற்றிப் பார்க்கிற ஆள் இல்லை நான். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. லீவு கிடைத்தால் ஆவணியில் ஜெர்மனிக்குள்ளேயே இருக்கும் கேவலார் மாதா கோயிலுக்குப் போய்வருவேன், அதோடு சரி. இந்த முறை போகவேண்டி வந்ததற்குக் காரணம் என் மகள் டிலானி. டிரெஸ்டனில் நீர்வளப் பொறியியல் படிக்கிறாள். அவளோடு படித்த மரெக் என்ற போலந்துப் பெடியனும் அவளும் கலியாணம் செய்ய விரும்புகிறோம் என்று சொல்லி ஒன்றரை வருடம். இவர், அதாவது என் கணவர், கேட்ட அன்றைக்கே ஓம் என்றுவிட்டார். மரெக் முதல் தரம் வீட்டுக்கு வந்தபோது இவரோடு இருந்து டிவியில் பந்தாட்டம் பார்த்தான். எங்கள் ஊர்க் குழு கோல் அடித்ததும் இவரை விட உயரமாய் எழும்பிக் குதித்தான். இவருக்கு அதற்கு மேல் ஒன்றும் விசாரிக்கத் தேவைப்படவில்லை.

நான் "பாப்பம்" என்றேன். கேட்டபோதெல்லாம் "பாப்பம்" என்றுதான் சொன்னேன். பெடியனில் ஒரு குறையும் இல்லை, அதுதான் கரைச்சலே. குறை இருந்தால் இல்லை என்று சொல்லிவிட்டு நிம்மதியாய் இருந்திருப்பேன். சமயமும் ஒன்றுதான். ஆனால் எங்கட ஆக்கள் ஒருவரைக் கண்டால் கேட்கிற முதல் கேள்வி "எவ்விடம்?" ஊரைச் சொன்னால் போதும், மிச்சத்தை நாங்களே விளங்கிக்கொள்வோம். மரெக் விஷ்னியோவெக் என்றான். அதை வைத்து நான் என்னத்தை விளங்கிக்கொள்கிறது? அந்தத் தாயோடு வாழ்நாள் முழுக்க என்ன பாஷையில் கதைக்கிறது?

போன மாதம் டிலானி தொலைபேசியில் முடிவாகச் சொல்லிவிட்டாள். "அம்மா, அறுவடைத் திருநாளுக்கு மரெக்கின்ரை ஊருக்கு வாங்கோ. வந்து பாத்துப்போட்டு ஓம் எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டி இல்லை எண்டு சொல்லுங்கோ. பாப்பம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. எனக்கு இனி ஏலாது." குரல் உடைந்துபோய் இருந்தது. அதைக் கேட்டபிறகு எனக்கும் நித்திரை இல்லை.

ஹனோவர், காலை எட்டரை. கெல்சென்கிர்ச்சனிலிருந்து இருநூற்று நாற்பது கிலோமீட்டர். அங்கே இவருடைய ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் இடியப்பமும் சொதியும் ஆயத்தமாய் இருந்தன. முதல் வாய் வைக்கமுன்னரே அக்கா கேட்டா.

"பெடியன் எவ்விடம்?"

"விஷ்னியோவெக்," என்றேன்.

"அது எங்க, எங்கட தெல்லிப்பழைக்கு அங்கால கிடக்கோ?" என்று அக்கா பகிடி விட்டா. இவர் சொதி புரைக்கேறச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளிக்கிடும்போது அக்கா ஒரு போத்தல் மிளகாய்த்தூள் கொண்டுவந்தா. "அங்க உறைப்பெண்டால் என்னெண்டு தெரியாது பிள்ளை, கொண்டு போ," என்று சொல்லி, என் கையில் தராமல் மேசையில் வைத்தா. நான் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டேன். உப்பும் மிளகாயும் கையிலிருந்து கைக்கு மாறினால் தந்தவருக்கும் வாங்கினவருக்கும் சண்டை வரும் என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. இருபத்திமூன்று வருடம் ஜெர்மனியில் இருந்தும் அந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை.

அங்கிருந்து டிரெஸ்டனுக்கு முந்நூற்று எழுபது கிலோமீட்டர். ஓட்டோபான் நெடுஞ்சாலையில் மக்டபேர்க் தாண்டியபிறகு வயல் பரந்து கிடந்தது. வெட்டி முடித்த தாள்களில் காகங்கள் இறங்கி மேய்ந்தன. ஒரு தரிப்பிடத்தில் கழிவறைக்கு ஐம்பது சென்ட், ஒரு கோப்பைக் கோப்பிக்கு இரண்டு யூரோ அறுபது. இவர் கோப்பியை விட்டுவிட்டு அக்கா தந்த பிளாஸ்க்கைத் திறந்தார். பின்னேரம் டிலானியின் அறையில் மரெக் எங்களுக்குப் பருப்புக் கறி வைத்துத் தந்தான். உப்பு அளவாய் இருந்தது. அதையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான்கு பேருமாய்ப் புறப்பட்டோம். கேர்லிட்ஸ் நகரம் நூறு கிலோமீட்டர். வடிவான ஊர், சும்மா சொல்லக் கூடாது. கோபுரங்களும் பழைய வீடுகளும் வெயிலில் பளிச்சென்று நின்றன. அதன் ஓரத்தால் நைசே ஆறு போகிறது. அக்கரை போலந்து. ஆறு என்றவுடன் பெரிசாய் ஏதும் நினைக்க வேண்டாம். நல்லாய்க் கல்லெறியக் கூடியவன் எறிந்தால் மற்ற நாட்டில் போய் விழும்.

பாலத்தில்தான் முதல் முசுப்பாத்தி நடந்தது. போன மார்கழியோடு இந்த எல்லையில் சோதனையை நிற்பாட்டிவிட்டார்கள். காவல் கூடு மட்டும் வெறுமையாய் நிற்கிறது. இவருக்கு அது தெரியும், செய்தியில் பார்த்தவர். இருந்தும் கூடு கண்ணில் பட்டதும் காரை நிற்பாட்டி, கண்ணாடியை இறக்கி, என் மடியிலிருந்த பாஸ்போட்டுகளை வாங்கி வெளியே நீட்டிக்கொண்டு இருந்தார். பின்னால் கார்கள் ஹோன் அடிக்கின்றன.

"அப்பா, ஒருத்தரும் இல்லை, போங்கோ," என்றாள் டிலானி.

"பொறு பிள்ளை, ஆரும் வருவினம்," என்றார் இவர்.

எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லினில் இறங்கி மேற்குக்கு வந்த ஆட்கள் நாங்கள். அன்றைக்குக் காட்டத் தொடங்கிய கடதாசியை எத்தனை யன்னல்களில் காட்டியிருப்போம். கேட்க ஆளில்லாத எல்லையை எங்கள் கை நம்ப மறுத்தது. பின்னாலிருந்த காரிலிருந்து ஒரு ஆள் தலையை நீட்டிச் சிரித்துக்கொண்டே போ போ என்று கை காட்டினார். இவர் காரை எடுத்தார். பாலம் முடியும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு விஷ்னியோவெக். ஒரு நீண்ட தெரு, இரண்டு பக்கமும் சிவப்பு ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு கோயில், மின்கம்பத்தில் நாரைக் கூடு. மரெக்கின் வீட்டுச் சுவரில் சிவப்புத் தகடு ஒன்று அடித்திருந்தது. அவனுடைய தாய் தனுட்டா இந்தக் கிராமத்தின் 'சோவ்திஸ்', அதாவது ஊரார் வாக்குப் போட்டுத் தெரிந்தெடுத்த கிராமத் தலைவி. பதினொரு கிராமங்கள் சேர்ந்தது ஒரு 'க்மினா'. எங்கள் ஊர்க் கிராமசபை மாதிரி. அந்தப் பதினொன்றுக்கும் தலைவராய் மேலே ஒரு 'வூயித்' இருக்கிறார். அவ்வளவு அதிகாரமும் உள்ள மனுசி ஏப்பிரனோடு ஓடிவந்து என் இரண்டு கன்னத்திலும் மாறி மாறி மூன்று முறை கொஞ்சினா. நான் இரண்டோடு நிற்பாட்டப் பார்க்க, மூன்றாவது மூக்கில் விழுந்தது.

கோப்பியைக் கிளாசில் தந்தா. தூளைப் போட்டுக் கொதிநீரை ஊற்றிவிட்டால் அதுதான் கோப்பி. அடி வண்டல் இறங்கும்வரை பொறுத்துக் குடிக்கவேண்டும். பிளம்ஸ் பழம் பதித்த கேக்கும் இருந்தது. தனுட்டா பல வருடம் ஜெர்மனிக்கு ஸ்பார்கல் என்ற வெள்ளைத் தண்டு மரக்கறி வெட்ட வந்துபோனவவாம். அவவின் ஜெர்மனும் என்னுடைய சமையலறை ஜெர்மனும் ஒரே உயரம்தான். ஆனபடியால் நன்றாய் விளங்கியது. இங்கே நான் அதை எங்கட தமிழில் எழுதுகிறேன்.

உபசாரம் முடிந்ததும் வாய் சும்மா இருக்குமா? கேட்டேவிட்டேன். "நீங்கள் எவ்விடம்?"

"இந்த ஊர்தான். இந்த வீட்டிலதான் பிறந்தனான்."

"உங்கட அம்மா அப்பா?"

"அவை கிழக்க. லுவோவ் நகரத்துக்குப் பக்கத்தில. அது இப்ப உக்ரைன். ரண்டாம் உலகச் சண்டை முடிய, மாட்டோடும் சட்டி பானையோடும் சாமான் ரயிலில ஏத்தி இஞ்ச இறக்கினவை."

"உங்கட இவர்?"

"அவற்றை ஆக்கள் போலந்துக்காரர்தான், ஆனா பொஸ்னியாவில இருந்து வந்தவை."

"அப்ப இந்த ஊராக்கள்?"

தனுட்டா கையை விரித்தா. "இந்த ஊராக்கள் ஜெர்மன்காரர். அவையை அங்கால அனுப்பிப்போட்டுத்தான் எங்களை இஞ்ச விட்டது. இஞ்ச ஒருத்தரிட்டயும் எவ்விடம் எண்டு கேட்டுச் சின்னப் பதில் வாங்கேலாது."

நான் கேக்குத் துண்டைக் கையில் பிடித்தபடியே இருந்துவிட்டேன். ஒரு ஊர் முழுக்க எங்கட ஆக்கள் மாதிரி இடம்பெயர்ந்து வந்தவர்கள் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

பிறகு தனுட்டா எங்களைக் க்மினா அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. சனிக்கிழமை பூட்டு, ஆனால் திறப்பு அவவிடம் இருந்தது. ஜெர்மன்காரர் காலத்துப் பள்ளிக்கூடம் அது. சுவரில் வரிசையாய்ப் பழைய தேசப்படங்கள். இந்த ஊரின் நிர்வாகக் கதை தலை சுற்றுகிற கதை. நாற்பத்தைந்து வரைக்கும் ஜெர்மனி. பிறகு போலந்து, க்மினா. ஐம்பத்து நாலில் க்மினாவைக் கலைத்துக் குட்டிக் குட்டிச் சபைகளாய் உடைத்தார்கள். எழுபத்து மூன்றில் திரும்பவும் க்மினா. எழுபத்தைந்தில் மாகாணத்தை வெட்டி வேறு நகரத்தோடு சேர்த்தார்கள். தொண்ணூற்று ஒன்பதில் அதையும் கலைத்துத் திரும்பவும் பெரிய மாகாணம்.

"நான் வீட்டு வாசலை விட்டு அசையேல்லை. என்ரை விலாசம் மட்டும் ஊர்சுத்திக்கொண்டு திரிஞ்சுது," என்றா தனுட்டா. "இப்ப நாங்களே வாக்குப் போட்டு எங்கட ஆளை வைச்சிருக்கிறம். ரோட்டுப் பள்ளத்துக்கு ஆரைப் பேசவேணும் எண்டாவது தெரியும்."

"ஆரைப் பேசவேணும்?" என்று இவர் கேட்டார்.

"என்னை," என்றா.

கோயிலில் பீடத்துக்கு மேலே இருக்கும் மாதா படம் அந்தச் சாமான் ரயிலில் இறகு மெத்தைக்குள் சுற்றி வந்ததாம். பாட்டுக்குழு நிற்கும் மரத்தட்டில் ஜெர்மன் எழுத்து அப்படியே இருக்கிறது. ஒருவரும் அழிக்கவில்லை. கோயில் முற்றத்தில் பற்றைக்குள் கிடந்த ஜெர்மன் கல்லறைக் கற்களை ஊரார் எடுத்துக் கழுவி மதிலோரம் நட்டு வைத்திருக்கிறார்கள். தனுட்டா போகிற போக்கில் ஒரு கல்லின் மேல் கிடந்த சருகைத் தட்டிவிட்டா. எனக்கு அது பிடித்திருந்தது.

பின்னேரம் ஐந்து மணிக்குத் தீயணைப்பு நிலையத்து மண்டபம். தீயணைக்கிற வண்டியை வெளியே விட்டுவிட்டு, பெண்கள் கூடி அறுவடை முடி கட்டிக்கொண்டிருந்தார்கள். கோதுமை, றை, ஓட்ஸ் கதிர்களைக் கம்பிச் சட்டத்தில் நெருக்கமாய்க் கட்டி, ஆள் உயரத்துக்கு ராசா முடி மாதிரிச் செய்வது. பதினொரு கிராமமும் ஆளுக்கொன்று கொண்டுவரும், நல்லதற்குப் பரிசு. நான் மாதா திருவிழாவுக்கு மாலை கட்டிப் பழகினவள். சும்மா இருக்க அலுப்பாய் இருந்தது, நூலை எடுத்தேன். இரண்டு சுற்று, ஒரு இழுவை, ஒரு முடிச்சு. பக்கத்திலிருந்தவ என் கட்டை இழுத்துப் பார்த்தா, அசையவில்லை. தான் கட்டினதை அவிழ்த்து என்னிடம் தந்தா. அதுக்குப் பிறகு எனக்குச் சரியான புழுகம், சந்தோசம் தாங்கவில்லை. அவர்கள் பாட நான் கட்ட, ஓட்ஸ் பக்கம் முழுவதும் என் கைவேலை.

ராத்திரிச் சாப்பாடு முடிந்து நித்திரைக்குப் போகும்போது டிலானி அறை வாசலில் நின்றாள். "அம்மா?"

"நாளைக்குப் பாப்பம்," என்று வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. பிள்ளை கதவைச் சாத்தினாள். இவர் கட்டிலில் இருந்தபடி, "நீர் திருந்தமாட்டீர்," என்றார். உள்ளுக்குள் நான் ஓமுக்குக் கிட்ட வந்துவிட்டேன். ஆனால் அதைச் சொன்னால் பிள்ளை போய்விடுவாளே என்ற பயம். அதை யாரிடம் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து பதினொன்றரைக்கு ஊர்வலம். முன்னுக்குப் பித்தளை வாத்தியக் குழு, பின்னுக்குப் பதினொரு முடிகள், அதற்குப் பின்னால் பூச்சோடித்த டிராக்டர்கள். முதலாவது டிராக்டரில் தனுட்டாவின் கணவர் கழுத்துப்பட்டியோடு நிமிர்ந்து இருந்தார். நான் பட்டுச்சேலை. சின்னப் பிள்ளைகள் வந்து தலைப்பைத் தொட்டுப் பார்த்தார்கள். விளையாட்டுத் திடலில் மேடை. எல்லைக்கு அந்தப்பக்கத்து ஜெர்மன் கிராமமொன்றிலிருந்து ஒரு பஸ் ஆட்களும் வந்திருந்தார்கள்.

விருந்தாளிகளை ரொட்டியும் உப்பும் கொடுத்து வரவேற்பது இவர்களின் வழக்கம். புது மாவில் சுட்ட பெரிய ரொட்டி, பூவேலைத் துணியில். அதன் நடுவில் சின்னக் கிண்ணத்தில் உப்பு. ஒரு துண்டு பிய்த்து உப்பில் தொட்டுச் சாப்பிட வேண்டும். ஜெர்மன்காரர் வரிசையாய்ப் போய்த் தொட்டார்கள். இவரும் தொட்டார். கடைசியாய் நான். தனுட்டாவுக்கு என்னில் ஒரு தனி அன்பு வந்துவிட்டது. ரொட்டியை மரெக்கிடம் கொடுத்து, உப்புக் கிண்ணத்தைத் தன் உள்ளங்கையில் வைத்து, மற்றக் கையால் என் கையைப் பிடித்து, அதில் வைக்கப் பார்த்தா.

என் கை தன்பாட்டில் பின்னுக்குப் போய்விட்டது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

வாத்தியக்காரர் நிற்பாட்டிவிட்டார்கள். வூயித் ஒலிவாங்கியைப் பிடித்தபடி என்னைப் பார்க்கிறார். ரொட்டியையும் உப்பையும் வேண்டாம் என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை, தனுட்டாவின் முகத்தில் எழுதியிருந்தது. "கீழ வையுங்கோ" என்று கையால் காட்டினேன். அது இன்னும் பிழையாய்ப் போயிற்று. ஜெர்மன் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. டிலானி என் பக்கத்தில் வந்தாள், முகம் வெளிறிப்போய்.

"அம்மா, வாங்குங்கோ. ஏன் இப்பிடிச் செய்யிறியள்?"

"கையில வாங்கேலாது பிள்ளை. சண்டை வரும். கீழ வைக்கச் சொல்லு, நான் எடுக்கிறன்."

"ஆரோட சண்டை வரும்?"

"அவவோடதான். பிறகு கலியாணம், பேரப்பிள்ளை, ஞானஸ்நானம் எண்டு ஆயுசுக்கும் ஆளையாள் பாக்கவேணுமெல்லோ. உப்பால பிழைச்சுப் போனால் நான் என்ன செய்யிறது?"

சொல்லி முடிந்தபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. டிலானி வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் மெதுவாய், "அப்ப ஓம் தானே," என்றார்.

"ஓம்," என்றேன். "ஓம், ஓம்."

டிலானி ஜெர்மனில் மரெக்குக்குச் சொன்னாள். அவன் ரொட்டியைக் கட்டிப்பிடித்தபடி தாய்க்குச் சொன்னான். பக்கத்தில் நின்ற வூயித் அதைக் கேட்டுவிட்டு, ஆளுக்குப் பொறுமை இல்லை, ஒலிவாங்கியில் பதினொரு கிராமத்துக்கும் சொல்லிவிட்டார். திடல் முழுக்கச் சிரிப்பு. தனுட்டா சிரிக்கவில்லை. சுற்றிவரப் பார்த்தா, மேசை இல்லை. மேடையோரம் கிடந்த வைக்கோல் கட்டின் மேல் கிண்ணத்தைப் பக்குவமாய் வைத்து, கையை எடுத்து, ஒரு அடி பின்னால் தள்ளி நின்றா. நான் குனிந்து எடுத்தேன். ரொட்டியைப் பிய்த்து உப்பில் தோய்த்து வாயில் போட்டேன். உப்புக் கரிக்கக் கரிக்க அப்படி ஒரு ருசியான ரொட்டி நான் சாப்பிட்டதில்லை. வாத்தியம் திரும்பத் தொடங்கியது.

அதற்குப் பிறகு பகல் எப்படிப் போனதென்று தெரியாது. முட்டைக்கோவாவும் இறைச்சியும் போட்டு அவித்த கறி பேப்பர் தட்டில் எட்டு சுலோட்டி, யூரோவில் இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவு. அக்காவின் மிளகாய்த்தூளை மேலே தூவ, வூயித்தும் ருசி பார்க்கக் கேட்டார். போத்தலை மர வாங்கின் மேல் வைத்தேன், அவரும் விளங்கி எடுத்துக்கொண்டார். பிறகு இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தார். எங்கள் முடிக்கு இரண்டாம் பரிசு. ஓட்ஸ் பக்கத்தைப் பார்த்துத்தான் தந்தார்கள் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

பின்னேரம் நாலரைக்கு வெளிக்கிட்டோம். பிள்ளைகள் இரண்டு பேரும் ஏற்கனவே காரில், பின் இருக்கையில், கை கோத்தபடி. எங்கள் ஊரில் ஒருவரை எவ்விடம் என்று கேட்டு ஒரு சொல்லில் பதில் வாங்கினால் எனக்கு மனம் ஆறும். விஷ்னியோவெக்கில் அந்தப் பதில் இரண்டு மூன்று தேசத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் கோப்பி வண்டல் இறங்குகிற நேரத்துக்குள் நான் அந்த மனுசியை அறிந்துகொண்டேன். இனி ஹனோவர் அக்கா கேட்டால் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியும். "எங்கட மாதிரி ஆக்கள்" என்பேன்.

கொடுக்க மறந்த முறுக்கு டின்னோடு நான் காரிலிருந்து இறங்கினேன். தனுட்டா ஒரு பெரிய போத்தல் ஊறுகாய் வெள்ளரிக்காயோடு வந்தா. கிட்ட வந்தவ சட்டென்று நின்றா. போத்தலைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. உப்புத் தண்ணீரில் ஊறின வெள்ளரிக்காய். படலைக்குப் பக்கத்து மதிலின் மேல் போத்தலை வைத்து, கையை எடுத்து, ஒரு அடி பின்னால் போய் நின்றா.

முறுக்கிலும் உப்பு இருக்கிறதே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானும் டின்னைப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பின்னால் நின்றேன். இரண்டும் மதிலில் இருக்க, இரண்டு பேரும் வெறுங்கையோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கை வெறுமையாய் இருந்தது கட்டிப்பிடிக்க வசதியாய்ப் போயிற்று.